சூட்டு வலிக்குப் பை தூக்கியவள் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலம் காதுகுத்தில் நடந்தது பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் போன் போயிருக்கும், எங்கள் சொந்தத்தில் செய்திக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. "புலி வருது புலி வருதுன்னு மூணு தடவ பையத் தூக்கிக்கிட்டு ஓடினவ இவதான்" என்று அத்தை ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்ட, இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

சரி, பிரசவ வலியோ என்று மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்தேன். போனது தப்பில்லை.

இப்போது 35வது வாரம். ஏழாம் மாதத்திலிருந்தே வயிறு இறுகுகிறது. கல் மாதிரி ஆகும், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அப்புறம் தானாகத் தளரும். நம் பக்கம் சூட்டு வலி, பொய் வலி என்பார்கள். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1872-இல் இதைப் பற்றி எழுதியதால் ஆஸ்பத்திரியில் அவர் பேரைச் சொல்கிறார்கள். வயிறு நம்முடையது, பேர் அவருக்கு, போகட்டும். எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வரும். தண்ணீர் சரியாகக் குடிக்காத நாளிலும், பாலக்கோடு பஸ்ஸில் ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு வந்த நாளிலும் கூடும். ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய் வந்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அம்மா சீரகக் கசாயம் வேறு வைத்துக் கொடுத்தார். பொய் வலி என்றால் கசாயத்துக்கு அடங்கும், நிஜ வலி என்றால் கூடும், அது அவர் கணக்கு. அதையும் குடித்தேன். இதெல்லாம் செய்யாமலா பையைத் தூக்கினேன்?

அந்த மூன்று நாளும் அடங்கவில்லை. மணிக்கு ஐந்து, ஆறு, கூடவே இடுப்பில் இழுப்பு. 37 வாரத்துக்கு முன்னால் இப்படி விடாமல் வந்தால், தண்ணீர் கசிந்தால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால் யாரிடமும் கேட்காமல் கிளம்பி வா என்று சொன்னவரே எங்கள் ஊர் செவிலியர் அக்காதான். இரண்டாவது தடவை போனதில்தான் சிறுநீரில் கிருமி இருப்பது தெரிந்தது. வயிறு இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணமாம். மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது. இதை அத்தை நடந்து காட்டவில்லை.

"ரெண்டாவது பிள்ளைதானே, அனுபவம் இல்லையா?" என்று கேட்கிறார்கள் சொந்தக்காரர்கள். இரண்டாவதில்தான் இது அதிகமாகத் தெரியும். "எங்க காலத்துல களை எடுத்துக்கிட்டே பெத்தோம்." பெற்றீர்கள். பெறாமல் போனவர்கள் வந்து பேச மாட்டார்கள், அதனால் உங்கள் கணக்கு எப்போதும் சரியாகவே வரும்.

ஒருமுறை 108-ஐக் கூப்பிட்டேன். தொப்பூர் கணவாயில் அடிபட்டுக் கிடப்பவனுக்கு வண்டி வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரவு ஒன்றரை மணி, வீட்டுக்காரர் ஓசூரில் நைட் ஷிப்ட், ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. 33வது வாரம். நிஜ வலியாக இருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர எனக்கு ஊசி போட வேண்டும், அது வேலை செய்ய நேரமும் வேண்டும். யாரிடம் போய் இது பொய்யா நிஜமா என்று கேட்பது?

எங்கள் பெரியம்மா மகள் கேட்டாள். அவளுக்கு எட்டாம் மாதம். சூட்டு வலிதான், விடிந்ததும் போகலாம் என்று வீடே சேர்ந்து சொன்னது. விடிந்ததும் போனார்கள். குழந்தையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அன்று ராத்திரி முழுக்க அவள் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவியபடி "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று சொன்னவர்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தியில் நடந்து காட்டியவர். இதை எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

சிரித்தவர்களில் என் வீட்டுக்காரரும் உண்டு. இலையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல். வண்டியில் வரும்போது "வயசானவங்க, விட்டுத் தள்ளு" என்றார். எப்போதும் நான்தான் விட வேண்டும், வலியையும் சரி, பேச்சையும் சரி. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன் என்று ஒரு தனிப் புகார் வேறு. இறுகிய வயிற்றோடு சப்பணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், பாயசம் எப்படி இறங்குகிறது என்று தெரியும்.

பை கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைத் துணி, அட்டை, பழைய புடவை ரெண்டு, சார்ஜர். உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி இனி யாரும் போன் பண்ண வேண்டாம். நாலாவது தடவையும் திரும்பி வந்தால் அத்தைக்கு நானே போன் போட்டுச் சொல்கிறேன்.