காலில் 45 சதவீதம், தீர்ப்பில் 15

பெங்களூரில் விபத்து நஷ்டஈடு கேட்பவர்கள் நல்ல வக்கீலைத் தேடி அலைகிறார்கள். தேடட்டும். ஆனால் கேஸின் தலையெழுத்து அதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் எம்எல்சி பதிவேட்டில், அதாவது போலீஸ் கேஸாகக்கூடிய காயங்களைக் குறிக்கும் பதிவேட்டில், எழுதப்பட்டுவிடுகிறது. கூட வந்த மச்சான் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டாரு’ என்பார். டூட்டி டாக்டர் ‘தானாக விழுந்தார்’ என்று குறித்துக்கொள்வார். பத்து நாள் கழித்து எஃப்ஐஆரில் கார் நம்பர் வந்தால், வண்டியைப் பிற்பாடு செட் பண்ணினார்கள் என்று சொல்ல இன்சூரன்ஸ் தரப்புக்கு அந்த ஒரு வரி போதும். கார் இடித்தது என்றால் அப்படியே சொல்லி எழுத வையுங்கள். புகார் கன்னடத்தில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து.

ஒசூர் ரோட்டில் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டிருந்தாலும், பெங்களூரில் குடியிருப்பவர் இங்கேயே மனு போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 2019 திருத்தத்தின்படி கெடு 6 மாதம்.

அடுத்த பள்ளம் ஊன சதவீதம். பணம் அதிகம் போவது இங்கேதான்.

34 வயது பெயின்டர், மாதம் 18,000 ரூபாய் வருமானம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,16,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக 48,38,400. டாக்டர் காலுக்கு 45 சதவீதம் என்று சான்று தருகிறார். அதில் மூன்றில் ஒரு பங்கை முழு உடம்புக்கு எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். 15 சதவீதம் என்றால் வருமான இழப்பு 7,25,760 மட்டுமே.

மடங்காத முழங்காலோடு அவர் சாரத்தில் ஏறுவாரா? உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. தொழில் இழப்பு 60 சதவீதம் என்று நிரூபித்தால் அதே கணக்கு 29,03,040. டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஏணி ஏற முடியுமா, குந்தி உட்கார முடியுமா, சுமை தூக்க முடியுமா என்று கேட்டுப் பதிய வைக்காத வக்கீல், சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு வருகிறார் என்றுதான் சொல்வேன். கூலி வாங்கியதைச் சொல்ல மேஸ்திரியும், பாஸ்புக்கும் வேண்டும்.

லோக் அதாலத்தில் சமரசம் பேசினால், எந்த சதவீதத்தில் கணக்குப் போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.