அகலப்படுத்தாமல் தார் மட்டும் போட்டது ஏன்?
பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க அமெரிக்க மத்திய அரசு 2009-இல் கொடுத்த ஊக்க நிதியில் மாநிலங்கள் சாலைகளை அகலப்படுத்தாமல் மேலே தார் மட்டும் போட்டுப் பணத்தை வீணாக்கின என்கிறது இந்தக் கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சாலைகளுக்கென்று வந்தது சுமார் 2,750 கோடி டாலர். அதில் மாநிலத்தின் நேரடிப் பொறுப்பில் இருந்த பங்கில் பாதியை 120 நாட்களுக்குள் குறிப்பிட்ட வேலைகளுக்கு ஒதுக்கியாக வேண்டும், தவறினால் அது வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்பது அப்போதைய சட்டம். அகலப்படுத்துவதென்றால் நிலம் எடுக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும், மின்கம்பம், குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். நாலு மாதத்தில் எப்படி முடியும்? வரைபடம் தயாராக இருந்ததெல்லாம் பெரும்பாலும் பழுதுபார்ப்பு வேலைகள்தான். “எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை” என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். மத்திய அரசின் உதவிக்குத் தகுதியான சாலை வகையில் குடியிருப்புத் தெருக்கள் பொதுவாக வராது, அதுதான் காரணம். நான் அப்போது வசித்த ஊரில் பனிக்காலம் முடிந்தாலே குழிகளில் டயர் கிழியும். புதுத் தார் போட்ட பிறகு அந்தத் தொல்லை நின்றது. அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், அகலப்படுத்தியிருந்தால் கூடுதல் தடத்துக்கான பராமரிப்புச் செலவு ஒவ்வோர் ஆண்டும் யார் தலையில் விழுந்திருக்கும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஊக்க நிதி ஒரு முறைதான் வரும்.