பதிப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்?

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் முறையைச் சொல்லும் கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், மேற்கோள் மென்பொருள் என்று விரிவாகப் பேசிவிட்டு, பதிப்பை, அதாவது பழைய நூலின் சுவடிகளை ஒப்பிட்டுச் சரியான மூலத்தை அச்சுக்குக் கொண்டுவரும் வேலையை, ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர்.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடமும் கிடையாது. பல பிரதிகளை ஒப்பிட்டு, உரையைப் பார்த்து, யாப்பைச் சரிபார்த்துத்தான் ஒரு பாடத்தை (மூலத்தில் இருந்த சொல் இதுதான் என்ற வாசிப்பை) ஏற்க முடியும். உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சிட்டது இப்படிப்பட்ட உழைப்பில்தான். அதில் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. சிதைந்த அடிகள் வரும் இடங்களில் வெறும் புள்ளிக்கோடுதான். கைவசம் புலமை இருந்தும் இட்டு நிரப்பாத அந்தக் கட்டுப்பாட்டை எந்த மென்பொருள் கற்றுத்தரும்?

இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் சங்கப் பாடல் இணையத்திலிருந்து அப்படியே ஒட்டப்படுகிறது. எந்தப் பதிப்பு என்ற குறிப்புகூட இருப்பதில்லை. (வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதும் இல்லை என்பது வேறு கதை.) முதல் பருவத்திலேயே ஒரே பாடலின் இரண்டு அச்சுப் பதிப்புகளைக் கொடுத்து, வேறுபாடுகளைக் குறித்து, எதை ஏற்கிறாய், ஏன் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லலாம்.