ஆணி அடிக்கத்தான் கேட்டேன்

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்று நடந்த கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தினசரி காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கலாமா என்றுதான் கேட்டேன். "கையில் போன் இருக்கும்போது அது எதற்கு அங்கிள்?" என்றார் ஒருவர். அதற்கு 14 சிரிப்புப் பொம்மைகள். ஆமாம், எண்ணினேன்.

போன் தேதி சொல்லும், மறுக்கவில்லை. எத்தனை நாள் போயிற்று என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சிவகாசிக் காலண்டர் தையில் கட்டைவிரல் பருமன் இருக்கும், ஐப்பசிக்குள் மெலிந்துவிடும். கையால் கிழித்தால்தான் ஒரு நாள் போனது உறைக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடுவதும், ஆனி 32 வரை இழுப்பதும் அந்தத் தாளில் பார்த்து நான் தெரிந்துகொண்டவை. மார்கழியில் பூமி சூரியனுக்குக் கிட்டே வந்து வேகமாக ஓடுகிறது, அதனால்தான் மாதம் குட்டை. போனைத் தடவிக்கொண்டிருந்தால் இதை யார் கேட்டிருப்பார்கள்?

2009இல் அப்பா 11 நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் ஒருவரும் தாள் கிழிக்கவில்லை. திரும்பி வந்தவர் படுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு தாளாகத் திதி, நட்சத்திரம் படித்துக் கிழித்தார். மொத்தமாகக் கிழித்துவிடக் கூடாதா என்று அக்கா அதட்டினாள். "நாள் என்ன ஓசியிலா வந்தது?" என்றார்.

காகிதம் வீண் என்பீர்கள். தினம் அட்டைப்பெட்டியில் சாமான் வரவழைப்பவர்கள் என் உள்ளங்கையளவுத் தாளுக்குக் கணக்குக் கேட்க வேண்டாம். மூடநம்பிக்கை என்பீர்கள். ராகு காலம் நான் பார்ப்பதில்லை. வீடு பதியப் போன அன்று பார்த்தேன், அது வேறு விஷயம். பழம்பெருமை என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. என் மகன் பேசும் நாளில் அந்தத் தாளைக் கிழித்து, பின்பக்கம் நேரத்தைக் குறித்து எடுத்து வைக்கிறேன். "போன வாரம்தானே பேசினோம், அப்பா" என்கிறான். தாள்படி 23 நாள். அவன் பொய் சொல்லவில்லை; அவன் போனில் எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அந்த 14 பேர் வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார், அவரிடம் போய்க் கேட்கட்டும் எத்தனை நாள் என்று.

இன்று காலை இருந்த கோபத்தில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டேன். இன்றைய தாளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். கோணலாகத்தான் நிற்கிறது.