கடலுக்குள் இறங்கும் பெண்ணும் பெண்ணியப் பாடத்தின் முதல் அலகும்

பெண்ணியக் கோட்பாட்டு அறிமுகத் தாளை இராமநாதபுரம் கடற்கரையோரத்து மாணவியருக்குச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அத்தாள் 1792இல் இங்கிலாந்தின் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய பெண்ணுரிமை நூலில் தொடங்கி, 1949இல் பிரான்சின் சிமோன் தெ பொவ்வார் எழுதிய நூலைத் தொட்டு, 1963இல் அமெரிக்காவின் பெட்டி ஃபிரீடன் எழுதிய நூலுக்கு வந்து சேரும். பெண்ணிய இயக்கத்தின் காலகட்டங்களை முதல் அலை, இரண்டாம் அலை என்று நான் பிரித்துச் சொல்லும்போது பாம்பனிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வரும் பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அலையை எண்ணி முடித்தவர் யாரையும் அவர்கள் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் வசதியாக அடைபட்டு வெறுமையில் உழலும் அமெரிக்க நடுத்தர வர்க்க இல்லத்தரசி, வெளியே சென்று தனக்கென ஒரு பணியைத் தேடிக்கொள்ள வேண்டும் என்ற ஃபிரீடனின் வாதத்தைச் சென்ற ஆண்டு விளக்கி முடித்தபோது, ஒரு மாணவி எழுந்தாள். “எங்கம்மா பாசி எடுக்கக் கடலுக்குள்ள போறாங்க மேம். அவங்களுக்கு வேலை வேணாம், ஒருநாள் படுத்துக் கெடந்தாப் போதும்” என்றாள். அதற்கான விடை, தேர்வு நெருக்கத்தில் அவசரமாக ஓட்டிவிடும் கடைசி அலகில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹூக்ஸ் பற்றிய பகுதியில் கிடந்தது. குறைந்த கூலிக்கு ஏற்கெனவே உழைத்துக் களைத்த பெண்களுக்கு வேலை எப்படி விடுதலையாகும் என்று அவர் 1984இலேயே கேட்டிருந்தார்.

பாசி எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் இப்பெண்கள் கையாலேயே பறிக்கிறார்கள். காய்ந்தபின் அது அகர் என்னும் கூழ்ப்பொருள் தயாரிப்புக்குப் போகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தாயும் பாட்டியும் போய்வந்த இடத்துக்குப் போவதே குற்றமாயிற்று. தீவுகளைக் காக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம்; அந்தக் கடலில் உழைக்கும் பெண்கள் நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான். மீனவர் என்று சொன்னவுடன் நம் மனத்தில் படகும் வலையும் ஓர் ஆணும்தான் தோன்றுகிறார்கள். அடியோடு பெயர்த்தால் பாசி மறுபடி தழைக்காது என்று தெரிந்து பறிப்பவளின் அறிவை, அறிவென்று எழுதாமல் அனுபவம் என்று எழுதி ஒதுக்கிவிடுகிறோம். ஒடுக்கப்பட்டவரின் உழைப்பிலிருந்து உலகத்தைப் பார்த்தால் ஆள்பவருக்குத் தெரியாதவையும் தெரியும் என்று 1983இல் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி ஹார்ட்சாக் எழுதியதை விளக்க எனக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

மேலைநாட்டுக் கோட்பாடு நமக்கெதற்கு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஃபிரீடனைப் படிக்காமல் அந்த மாணவியின் மறுப்பு வகுப்பில் எழுந்திருக்காது. மாற வேண்டியது வரிசை மட்டுமே என்று எண்ணி, இவ்வாண்டு ஹூக்ஸை முதல் அலகிலேயே நடத்தினேன். ஃபிரீடன் பிறகு வந்தார். இந்த முறை எழுந்தவள் வேறொருத்தி. வளைகுடா நாட்டிலிருந்து கணவர் அனுப்பும் பணத்தில் கட்டிய பெரிய வீட்டைவிட்டுத் தனியாகக் கடைத்தெருவுக்கும் போனதில்லை அவளுடைய தாய். “இந்தம்மா எழுதுனது எங்கம்மாவைத்தான் மேம்” என்றாள். பாசி எடுப்பவர்களின் பிள்ளைகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் அடுத்த இரண்டு வகுப்புகளையும் தின்றுவிட்டது. பொவ்வார் இன்னும் பாக்கி இருக்கிறார்.