குற்றாலப் பாறையின் கணக்கு வேறு

அருவிகள் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்கின்றன என்று நயாகராவைக் காட்டி, அருவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரை விளக்குகிறது. அது சரிதான். அங்கே மேலே கெட்டியான பாறை, கீழே மென்மையான களிப்பாறை. அடிப்பாறை அரிபட்டுப் போனதும் மேல்பாறை பிடிமானமின்றி உடைந்து விழுகிறது. இப்படியே சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது அந்த அருவி.

ஆனால் எல்லா அருவிக்கும் இதுவே விதி என்று கட்டுரையை முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் திருநெல்வேலிச் சீமையைப் பாருங்கள். குற்றாலத்து மலை நைஸ், சார்னோகைட் எனப்படும் கெட்டியான உருமாறிய பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. குடைந்து தின்ன அடியில் மெத்தென்ற அடுக்கு கிடையாது. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில் புகுந்துதான் வேலை செய்கிறது. வெள்ளம் உருட்டி வரும் கல் ஒரு பள்ளத்தில் சிக்கினால் உரலில் குழவிபோலச் சுழன்று சுழன்று அதை ஆழமாக்கும். தண்ணீர் வற்றிய கோடையில் போனால் அந்தக் குழிகளின் வழவழப்பான சுவரைத் தடவிப் பார்க்கலாம், அடியில் உருண்டைக் கற்களும் கிடக்கும்.

குற்றாலப் பேரருவியின் பொங்குமாங்கடலும் பாறையில் விழுந்த பெரும்பள்ளம்தான். சிற்றாறு என்ற ஆறு அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிவதால்தான் கீழே நாம் தலைகொடுத்து நிற்க முடிகிறது. நேராக விழுந்தால் யாரும் கிட்டே போக முடியாது. அருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. பாபநாசம் அகத்தியர் அருவியையும் சேர்த்து அடுத்த கட்டுரையை எழுதுங்கள்.