பிரனேசியின் சாடிப் படங்கள்: ஒரு திருத்தம்

18ஆம் நூற்றாண்டு இத்தாலியச் செப்புத்தகட்டு ஓவியரான பிரனேசியின் அலங்காரச் சாடிப் படங்கள் மண்ணில் கிடைத்த ரோமானியக் கலன்களை உள்ளது உள்ளபடி காட்டுகின்றன என்று கருதுவது சரியன்று. 1778இல் இரு தொகுதிகளாகத் தொகுக்கப்பட்ட இச்செப்புத்தகட்டு அச்சுகளில் காணப்படும் கலன்களுள் பல, உடைந்த பழந்துண்டுகளோடு புதிய பளிங்கைச் சேர்த்து 18ஆம் நூற்றாண்டில் ஒட்டி உருவாக்கப்பட்டவை. அத்தகைய சிலவற்றைத் தம் பட்டறையிலேயே இணைத்து, ரோமுக்கு வந்த செல்வந்தப் பயணிகளுக்கு பிரனேசி விற்றும் வந்தார் என்பதால், அப்படங்களில் விளம்பர நோக்கமும் கலந்திருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவர் பெயரையே தாங்கி நிற்கும் பெருஞ்சாடியும், ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகைப் பகுதியில் துண்டுகளாகத் தோண்டியெடுக்கப்பட்டு இன்று கிளாஸ்கோவில் உள்ள வார்விக் சாடியும் இவ்வாறு புதுப்பளிங்கால் நிறைவு செய்யப்பட்டவையே.